மனித உரிமையும் முத்திரை மரக்காலும்

(மும்பை தாராவியில் நடைபெற்ற கட்சி அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளின் தமிழ்த் தோழர்கள் இவ்வகுப்பில் பங்கேற்றனர்.)



தஞ்சைத் தரணியில் 1940-களில் செங்கொடி இயக்கம் வேரூன்றியபோது எழுந்த கோரிக்கைகளுள் ஒன்று, கூலி நெல்லை முத்திரை மரக்காலில் அளக்க வேண்டும் என்பதாகும். பண்ணையார்கள் கூலி அளக்கும்போது கள்ள மரக்காலைப் பயன்படுத்தினர். அதைக் கண்ட விவசாயத் தொழிலாளர்கள், "மரக்காலே வேண்டாம்" என்று சொல்லவில்லை. பண்ணையாருக்கும் பண்ணையாளுக்கும் ஒரே அளவாக இருக்கும் முத்திரை மரக்காலைக் கேட்டார்கள், அதற்காகப் போராடினார்கள்.

சீனாவைப் பற்றி அமெரிக்க அரசு பேசும் மனித உரிமைப் பேச்சை ஆராயும்போது இந்த அனுபவத்தை மனத்தில் இருத்துவது நல்லது.

மாட்டுங்கா லேபர் கேம்பிலோ செம்பூர்க் குடியிருப்புகளிலோ கட்சிப் பத்திரிகையுடன் செல்லும் தோழர்களிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "சீனாவில் மனித உரிமை இல்லை என்று அமெரிக்கா சொல்கிறதே, கம்யூனிஸ்டுகள் என்ன பதில் சொல்கிறீர்கள்?" இதற்கு எளிதான பதில்கள் இரண்டு இருக்கின்றன. அமெரிக்கா சொல்வதால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்பது ஒன்று. அமெரிக்கா சொல்வதால் அது பொய்யாகத்தான் இருக்கும் என்பது மற்றொன்று. இரண்டுமே அளவுகோலை வாஷிங்டன் கையில் ஒப்படைத்துவிடும் பதில்கள். சரியான பதில் வரலாற்றிலிருந்துதான் கிடைக்கும்.

பிரகடனம் யாருடைய சொத்து?

மனித உரிமை என்பது மேற்குலகின் கண்டுபிடிப்பு என்று ஒரு கருத்து பரப்பப்படுகிறது. 1948 டிசம்பர் 10 அன்று பாரிசில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட உலக மனித உரிமைப் பிரகடனத்தின் வரலாறு அதை மறுக்கிறது. மனித உரிமை ஆணையத்தின் தலைவராக இருந்தவர் அமெரிக்கரான எலினோர் ரூஸ்வெல்ட். ஆனால் துணைத் தலைவராக இருந்தவர் அன்றைய கோமிண்டாங் அரசின் பிரதிநிதியாக வந்த சீன அறிஞர் பி.சி. சாங். அந்த ஆணையத்தில் இந்தியாவின் சார்பில் அமர்ந்தவர், பம்பாய் மாகாணச் சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்த ஹன்சா மேத்தா. பிரகடனத்தின் முதல் பிரிவில் 'எல்லா ஆண்களும்' என்றும் பொருள்படக்கூடிய ஆங்கிலச் சொல் இருந்ததைச் சுட்டிக்காட்டி, 'எல்லா மனிதப் பிறவிகளும்' என்று மாற்றச் செய்தவர் அவரே. உலகப் பெண்களின் பெயர் அந்த ஆவணத்தில் இடம்பெறுவதற்கு பம்பாயிலிருந்து சென்ற ஒரு பெண் காரணமாக இருந்தார்.

பேச்சுரிமையும் நியாயமான விசாரணைக்கான உரிமையும் அப்பிரகடனத்தில் உள்ளன. தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை 23-ஆவது பிரிவிலும், உணவு, உடை, வீடு, மருத்துவம் பெறும் உரிமை 25-ஆவது பிரிவிலும் உள்ளன. ஒரே ஆவணத்தில் இருந்த இவ்வுரிமைகள் 1966-இல் இரண்டு உடன்படிக்கைகளாகப் பிரிக்கப்பட்டன. ஒன்று குடிமை, அரசியல் உரிமைகளுக்கானது. மற்றொன்று பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கானது.

முதல் உடன்படிக்கையை அமெரிக்கா 1992-இல் ஏற்புறுதி செய்தது. இரண்டாவதில் 1977-இல் கையொப்பமிட்டதோடு சரி. இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. சீனா இரண்டாவது உடன்படிக்கையை 2001-இல் ஏற்புறுதி செய்தது. முதலாவதில் 1998-இல் கையொப்பமிட்டதோடு சரி. இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. ஒருவர் வாய்க்கு உரிமை தந்து வயிற்றைக் கணக்கில் எடுக்க மறுக்கிறார். மற்றவர் வயிற்றைக் கணக்கில் எடுத்து வாய்க்குப் பூட்டு வைத்திருக்கிறார். இந்தியா 1979-இல் இரண்டையும் ஏற்றது. ஏட்டில் ஏற்றது நாட்டில் எந்த அளவு நடக்கிறது என்பதைத் தாராவி மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

எண்ணெய் விற்ற காலம்

சீன மக்களின் உயிர்மீது அமெரிக்க ஆளும் வர்க்கம் காட்டிய அக்கறை எத்தகையது? 1882-இல் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதைத் தடுக்க அமெரிக்கா தனிச்சட்டம் இயற்றியது. ஒரு குறிப்பிட்ட நாட்டு மக்களைப் பெயர் சொல்லி விலக்கிய அச்சட்டம் 1943 வரை நீடித்தது. இரண்டாம் உலகப்போரில் சீனா தேவையான கூட்டாளியாக ஆன பிறகே அது நீக்கப்பட்டது.

1937 டிசம்பரில் ஜப்பானியப் படை நான்ஜிங் நகருக்குள் புகுந்து மனித குலம் வெட்கித் தலைகுனியும் படுகொலையை நடத்தியது. அந்தப் படையை இயக்கிய எண்ணெயின் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து போயிற்று. பழைய இரும்பு 1940 வரையிலும், எண்ணெய் 1941 வரையிலும் ஜப்பானுக்கு விற்கப்பட்டன. வியாபாரம் நடக்கும்வரை மனித உரிமை நினைவுக்கு வரவில்லை.

அதே காலத்தில் அடிமை நாடாக இருந்த இந்தியா என்ன செய்தது? 1938 செப்டம்பரில் பம்பாய்த் துறைமுகத்திலிருந்து ஐந்து மருத்துவர்கள் சீனாவுக்குக் கப்பலேறினர். அவர்களுள் ஒருவர் சோலாப்பூரில் பிறந்து பம்பாயில் மருத்துவம் பயின்ற துவாரகநாத் கோட்னிஸ். எட்டாவது பாதைப் படையின் வீரர்களுக்கும் கிராம மக்களுக்கும் சிகிச்சை அளித்தபடியே, 1942 டிசம்பர் 9 அன்று, 32 வயதில், சீன மண்ணிலேயே அவர் உயிர் நீத்தார். மனித உரிமைக்கான சர்வதேச ஒருமைப்பாடு என்றால் என்ன என்பதற்கு இந்த நகரமே ஒரு சான்றை வழங்கியிருக்கிறது. அதில் வணிகக் கணக்கு எதுவும் இருக்கவில்லை.

1971: பெய்ஜிங்குக்குப் போன வழி

இரண்டாவது சான்று இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்தது. 1971 மார்ச் 25 இரவில் பாகிஸ்தான் ராணுவம் டாக்காவில் படுகொலையைத் தொடங்கியது. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தனர். டாக்காவில் இருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட்டும் அவரது சக அலுவலர்களும் ஏப்ரல் 6 அன்று தங்கள் அரசின் மௌனத்தைக் கண்டித்து வாஷிங்டனுக்குத் தந்தி அனுப்பினர். மனசாட்சியுள்ள அமெரிக்கர்கள் அவர்கள். பிளட் அப்பதவியிலிருந்து அகற்றப்பட்டார்.

நிக்சன் ஏன் வாய் திறக்கவில்லை? சீனாவுடன் ரகசியத் தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள யாஹ்யா கான் அவருக்குப் பாலமாக இருந்தார். 1971 ஜூலை 9 அன்று கிசிங்கர் பாகிஸ்தானிலிருந்துதான் யாருக்கும் தெரியாமல் பெய்ஜிங்குக்குப் பறந்தார். 1972 பிப்ரவரியில் நிக்சனே அங்கு சென்றார். சோவியத் யூனியனுக்கு எதிராகச் சீனாவைப் பயன்படுத்திக்கொள்ளும் திட்டத்துக்கு, வங்க மக்களின் உயிர் ஒரு தடையாக நினைக்கப்படவில்லை. டிசம்பரில் வங்கக் கடலை நோக்கி அனுப்பப்பட்ட எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல், கொலையாளிகளைத் தடுக்க அனுப்பப்பட்டதன்று. இந்தியாவை மிரட்ட அனுப்பப்பட்டது.

இங்கு ஒரு கசப்பான உண்மையையும் மறைக்கக் கூடாது. அந்த ஆண்டில் சீன அரசும் யாஹ்யா கானின் பக்கமே நின்றது. வங்க மக்களைப் பொறுத்தவரை அது பிழையான நிலை. அன்று சீனாவில் பண்பாட்டுப் புரட்சியின் காலம். அங்கு நடந்த மீறல்கள் பற்றியும் நிக்சன் ஒரு சொல் பேசவில்லை. தேவைப்பட்டபோது இரு திசையிலும் கண்கள் மூடிக்கொண்டன.

சந்தை திறந்தபோது

1989 ஜூன் மாதம் தியனன்மென் சதுக்கத்தைச் சுற்றி நடந்த துப்பாக்கிச்சூடு உலகை உலுக்கியது. அமெரிக்க அரசு வெளிப்படையாகக் கண்டித்தது. சில தடைகளையும் அறிவித்தது. ஆனால் அடுத்த மாதமே அதிபர் புஷ் தமது பாதுகாப்பு ஆலோசகர் ஸ்கோகிராஃப்டை ரகசியமாகப் பெய்ஜிங்குக்கு அனுப்பினார். மேடையில் கண்டனம், திரைக்குப் பின்னால் கைகுலுக்கல்.

அவரைக் கடுமையாக விமர்சித்து ஆட்சிக்கு வந்த கிளிண்டன், மனித உரிமையில் முன்னேற்றம் இருந்தால்தான் சீனாவின் வணிகச் சலுகை நீட்டிக்கப்படும் என்று 1993 மே மாதம் ஆணை பிறப்பித்தார். ஓராண்டு கழிந்தது. 1994 மே 26 அன்று, வணிகத்துக்கும் மனித உரிமைக்கும் இனி முடிச்சுப் போடுவதில்லை என்று அவரே அறிவித்தார். சீனா நிபந்தனைகளை நிறைவேற்றிவிட்டதா? இல்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். மலிவான உழைப்பும் மாபெரும் சந்தையும் கைநழுவிப் போவதைப் பெருநிறுவனங்கள் விரும்பவில்லை. 2000-இல் நிரந்தர வணிக உறவுக்கான சட்டம் நிறைவேறியது. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. சீனத் தொழிற்சாலைகளில் நீண்ட நேரம் உழைத்தவர்களின் உழைப்பு அமெரிக்க நிறுவனங்களின் லாபமாக மாறிய ஆண்டுகளில், மனித உரிமை ஆண்டறிக்கைகளில் மட்டும் உறங்கியது.

உய்குர் மக்கள்: ஒரே மக்கள், இரண்டு முத்திரை

கள்ள மரக்காலை மிகத் தெளிவாகக் காட்டும் சான்று உய்குர் மக்களின் பிரச்சினையே. 2001 செப்டம்பருக்குப் பிறகு 'பயங்கரவாதத்துக்கு எதிரான போரில்' சீனாவின் ஒத்துழைப்பு அமெரிக்காவுக்குத் தேவைப்பட்டது. 2002-இல் கிழக்குத் துருக்கிஸ்தான் இஸ்லாமிய இயக்கம் என்ற அமைப்பை அமெரிக்கா பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. 22 உய்குர் ஆண்கள் குவாண்டநாமோ சிறையில் அடைக்கப்பட்டனர். அவர்களில் கடைசி மூவர் விடுவிக்கப்பட்டது 2013 டிசம்பரில்.

பின்னர் சீனா போட்டியாளராக வளர்ந்தது. 2018-இல் வணிகப் போர் தொடங்கியது. 2020 நவம்பரில் அதே அமைப்பு பயங்கரவாதப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2021 ஜனவரி 19 அன்று, டிரம்ப் அரசின் பதவிக்காலம் முடிவதற்கு முந்தைய நாள், ஷின்ஜியாங்கில் நடப்பது இனப்படுகொலை என்று வெளியுறவு அமைச்சர் பாம்பியோ அறிவித்தார். கட்டாய உழைப்பால் செய்யப்பட்டவை என்று கருதி ஷின்ஜியாங் பொருள்களைத் தடுக்கும் சட்டம் 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தை இயற்றிய நாட்டின் அரசியல் சாசனத்திலுள்ள 13-ஆவது திருத்தம், குற்றத்துக்குத் தண்டனையாகக் கட்டாய உழைப்பு வாங்குவதை இன்றும் அனுமதிக்கிறது.

இதிலிருந்து ஷின்ஜியாங்கில் எந்த மீறலும் இல்லை என்ற முடிவுக்குத் தாவுவது தவறு. ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகம் 2022 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, அங்கு உய்குர் மக்கள் பெருந்திரளாகத் தடுத்து வைக்கப்பட்டதைப் பதிவு செய்து, அது மனித குலத்துக்கு எதிரான குற்றமாகவும் இருக்கக்கூடும் என்று கூறியது. அந்தக் கேள்விக்குச் சீன அரசு பதில் சொல்ல வேண்டும். பண்ணையார் கள்ள மரக்கால் வைத்திருக்கிறார் என்பதால் நெல்லே இல்லை என்று ஆகிவிடாது.

சீனாவின் சாதனையையும் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 80 கோடி மக்கள் கடும் வறுமையிலிருந்து மீண்டதை உலக வங்கியே ஏற்றுக்கொண்டுள்ளது. அதேவேளை, 2018-இல் ஷென்சென் நகரின் ஜாசிக் தொழிற்சாலையில் தாங்களாகவே சங்கம் அமைக்க முயன்ற தொழிலாளர்களும், அவர்களுக்குத் துணை நின்ற மார்க்சிய மாணவர்களும் பிடித்துச் செல்லப்பட்டனர். செங்கொடியின் கீழ் நடந்தாலும் அது தொழிலாளியின் உரிமை மீறலே. இதைச் சொல்லத் தயங்கும் இடதுசாரிகளுக்கு இங்கு தொழிற்சங்க உரிமை பற்றிப் பேசும் தார்மிக வலிமை குறைந்துபோகும்.

இந்தியாவுக்கு எந்த மரக்கால்?

சீனாவுக்கு எதிராக நிறுத்தப்படும் நாடுகளின் மனித உரிமையை அமெரிக்கா எப்படி அளக்கிறது? இதற்கான விடை இந்தியாவிலேயே இருக்கிறது.

2002 குஜராத் படுகொலைகளைத் தொடர்ந்து, மத உரிமை மீறல் தொடர்பான சட்டப்பிரிவைக் காட்டி 2005 மார்ச்சில் அன்றைய குஜராத் முதலமைச்சர் நரேந்திர மோடிக்கு அமெரிக்கா விசா மறுத்தது. 2014-இல் அவர் பிரதமரானதும் அழைப்பு வந்தது. 2023 ஜூன் மாதம் அரசுமுறை விருந்தும் அளிக்கப்பட்டது. இடையில் அச்சட்டம் மாறவில்லை. அவர் வகித்த பதவி மாறியது; சீனாவுக்கு எதிரான அணியில் இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட இடமும் மாறியது. 2016-இல் லெமோவா, 2018-இல் காம்காசா, 2020-இல் பெக்கா என்று ராணுவ ஒப்பந்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கையெழுத்தாயின.

பெக்கா ஒப்பந்தம் கையெழுத்தான நாள் 2020 அக்டோபர் 27. அதற்குப் பத்தொன்பது நாள் முன்னர், அக்டோபர் 8 அன்று, ராஞ்சியில் பாதிரியார் ஸ்டான் சுவாமியைத் தேசியப் புலனாய்வு முகமை கைது செய்தது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளின் நிலத்துக்காகவும் சிறையில் வாடிய அவர்களது இளைஞர்களுக்காகவும் குரல் கொடுத்த தமிழர் அவர். நடுக்குவாதத்தால் கையில் குவளை பிடிக்க முடியாத அவர், தலோஜா சிறையில் உறிஞ்சுகுழல் கேட்டு நீதிமன்றத்தில் மனுச்செய்ய நேர்ந்தது. பிணை மறுக்கப்பட்டது. 2021 ஜூலை 5 அன்று, பம்பாய் உயர்நீதிமன்றத்தில் பிணை மனு விசாரணைக்கு வந்த வேளையில், அவர் இறந்துவிட்டார் என்ற செய்தி நீதிபதிகளுக்குத் தெரிவிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 84.

அமெரிக்க அரசின் மத உரிமைக்கான அலுவலகம் வருத்தம் தெரிவித்தது. மூன்று வாரம் கழித்து அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பிளிங்கன் டெல்லிக்கு வந்தார். குவாட் கூட்டணியை வலுப்படுத்துவது குறித்துப் பேசிச் சென்றார். சர்வதேச மத உரிமைக்கான அமெரிக்க ஆணையம் 2020 முதல் இந்தியாவைக் 'குறிப்பான கவலைக்குரிய நாடு' என்று அறிவிக்கப் பரிந்துரைத்து வந்தது. 2020 டிசம்பரில் வெளியான பட்டியலில் சீனா இருந்தது; இந்தியா இல்லை. அதற்குப் பின் வந்த பட்டியல்களிலும் அதே கதைதான்.

இந்த நட்பு இந்திய மக்களுக்காவது பயன்பட்டதா? 2025 பிப்ரவரி 5 அன்று 104 இந்தியர்களைக் கைவிலங்கும் கால்விலங்கும் இட்டு ராணுவ விமானத்தில் அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கியது அதே நண்பன்தான். அதற்கு முந்தைய நாள்தான், ஐ.நா. மனித உரிமை மன்றத்திலிருந்து விலகும் ஆணையில் டிரம்ப் கையெழுத்திட்டிருந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள்மீதான வரி 50 சதவீதமாக உயர்த்தப்பட்டபோது, திருப்பூரின் ஆடைத் தொழிலாளிக்கும் இறால் பண்ணைத் தொழிலாளிக்கும் தோல் தொழிலாளிக்கும் வேலை நிச்சயமற்றதாயிற்று. கள்ள மரக்கால் வைத்திருப்பவனுடன் கூட்டுச் சேர்ந்தாலும், அளக்கும் நாளில் குறைத்தே அளப்பான்.

முத்திரை மரக்கால் எது?

அப்படியானால் முத்திரை மரக்கால் எது? அதைச் செய்தவர்கள் யார்? இதற்கும் மும்பையே விடை தருகிறது.

மேற்கு விரைவு நெடுஞ்சாலையைப் போட வந்த கட்டுமானத் தொழிலாளர்கள் அதன் ஓரத்தில் எழுப்பிய குடிசைப் பகுதி ஒன்றின் பெயர் காமராஜ் நகர். 1981 ஜூலையில் மகாராஷ்டிர அரசு நடைபாதைவாசிகளை அகற்றிச் சொந்த ஊர்களுக்கு அனுப்பப்போவதாக அறிவித்தது. வறட்சியால் வேலை இழந்து 1961-இல் சேலத்திலிருந்து வந்த நிலமற்ற தொழிலாளி ஒருவரின் குடிசை அம்மாதம் 23-ஆம் நாள் இடிக்கப்பட்டது. மனைவி, மூன்று மகள்களுடன் அவர் சேலத்துக்குப் பேருந்தில் ஏற்றி அனுப்பப்பட்டார். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வேலை தேடி அவர் மீண்டும் பம்பாய்க்கே திரும்பினார், நடைபாதைக்கே திரும்பினார். உச்சநீதிமன்றத்தின் படியேறிய மனுதாரர்களில் அவரும் ஒருவர்.

ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று அறியப்படும் அவ்வழக்கில், 1985 ஜூலை 10 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. அறிவிப்புக் கொடுத்துவிட்டு அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு கூறியதால் குடிசைகள் முழுமையாகக் காக்கப்படவில்லை. ஆயினும் வயிறும் உயிரும் வேறல்ல என்ற கோட்பாடு நாட்டின் சட்டமாயிற்று. அந்தக் கோட்பாட்டை எந்த வல்லரசும் இறக்குமதி செய்து தரவில்லை. சேலத்திலிருந்து வந்த ஒரு கூலித் தொழிலாளியும் அவரைப் போன்றவர்களும் வாதாடிப் பெற்றது அது.

நாற்பது ஆண்டுகள் கடந்தும் கேள்வி மாறவில்லை. மறுசீரமைப்பு என்ற பெயரில் தாராவி அதானி குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததை ஆவணத்தால் நிறுவுவோருக்கே தாராவிக்குள் இலவச வீடு. பிறர் தாராவிக்கு வெளியே போக வேண்டும். வீட்டுக்காகப் பேசுகிறவருக்குக் கூட்டம் கூடும் உரிமை தேவை. கூட்டம் கூடியதற்காகக் கைதாகிறவருக்குப் பிணை பெறும் உரிமை தேவை. ஸ்டான் சுவாமியின் உறிஞ்சுகுழலும் சேலத்துத் தொழிலாளியின் குடிசையும் ஒரே உரிமையின் இரண்டு முகங்கள். இரண்டு உடன்படிக்கைகளில் ஒன்றை மட்டும் ஏந்திக்கொண்டு பாட்டாளி வர்க்கம் வாழ முடியாது.

இறுதியாக ஒன்று. சங்கம் அமைக்கும் சுதந்திரத்துக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87-ஆவது உடன்பாட்டையும், கூட்டுப் பேர உரிமைக்கான 98-ஆவது உடன்பாட்டையும் அமெரிக்கா ஏற்புறுதி செய்யவில்லை. சீனாவும் செய்யவில்லை. இந்தியாவும் செய்யவில்லை. எல்லையில் படைகளை நிறுத்தி, சந்தைக்காக மோதிக்கொள்ளும் மூன்று அரசுகளும் இந்த ஒன்றில் மட்டும் ஒரே இடத்தில் நிற்கின்றன. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ள இந்நாட்டில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, மாட்டுங்காவில் கேட்கப்படும் கேள்விக்கு உரிய பதில் இதுதான். சீன மக்களின் உரிமைக்கு நீதிபதியாக இருக்கும் தகுதி வாஷிங்டனுக்கு இல்லை. அதனால் சீன மக்களுக்கு உரிமை தேவையில்லை என்று ஆகிவிடாது. அமெரிக்காவின் சீன எதிர்ப்பு அணியில் இந்தியாவைச் சேர்ப்பதை எதிர்ப்பதும், பீமா கோரேகான் வழக்கு முதல் தாராவி வரை இந்நாட்டில் உரிமைகளைக் காப்பதும், எந்த நாட்டுத் தொழிலாளி சங்கம் கேட்டுச் சிறை சென்றாலும் அவர் பக்கம் நிற்பதும் ஒரே போராட்டத்தின் பகுதிகள். கள்ள மரக்காலைப் பிடுங்கி எறிவது அப்போராட்டத்தில் பாதி வேலைதான். முத்திரை மரக்காலை உழைப்பாளி மக்களின் கையில் சேர்ப்பது மீதிப் பாதி.